மச்சாள் அழிக்காத படம்

தன் மச்சாள் தனுஷாவைப் பற்றி இப்போது யாராவது ஒரு குறை சொன்னால் தக்சாயினி சண்டைக்கே போய்விடுவாள். அதே மச்சாளோடு மாதக்கணக்கில் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தவளும் இவள்தான். எல்லாம் தைப்பூசத்தன்று இணுவில் கந்தசுவாமி கோயில் வீதியில் மாறிப்போனது.

சண்டை ஒரு படத்தால் வந்தது. தக்சாயினியின் ஆறு வயது மகள் நிவேதனா நல்ல கறுப்பு. தகப்பன் ஜெயதீபனின் நிறம். பெற்ற தாய்க்கு அது குறையாகத் தெரியக்கூடாதுதான். ஆனால் பேஸ்புக்கில் ஊருலகத்துப் பிள்ளைகளெல்லாம் பாலில் குளித்ததுபோலச் சிரிக்கும்போது அவளுக்கு மனம் அரிக்கும். போனில் ஒரு பில்ரர் கைகொடுத்தது. அது பிள்ளையை வெள்ளையாக்கும், கண்ணைப் பெரிதாக்கும், நெற்றித் தழும்பை அழிக்கும். விழுந்த முன்பல்லை மட்டும் அதால் முளைக்கவைக்க முடியவில்லை. அதற்குத் தக்சாயினியே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"வாயைக் கையாலை பொத்திக்கொண்டு சிரியுங்கோ குஞ்சு."

கனடாவில் இருக்கும் சொந்தமெல்லாம் அந்தப் படங்களுக்கு இதயம் இதயமாகப் போட்டுத் தள்ளியது.

அப்படியிருக்கும்போதுதான் ஜெயதீபனின் அக்கா தனுஷா, நிவேதனா கூழ் குடிக்கும் படமொன்றைப் பேஸ்புக்கில் போட்டாள். எண்ணெய் வழிந்த தலை, மூக்கு நுனியில் கூழ், ஓட்டைப்பல் தெரியச் சிரிப்பு. கீழே 'மாமியின்ரை கறுப்புத் தங்கம்' என்று எழுதியும் விட்டாள்.

"உங்கடை அக்காவை அந்தப் படத்தை உடனை எடுக்கச் சொல்லுங்கோ," என்று தக்சாயினி கணவனிடம் பாய்ந்தாள். "நாளைக்கு இவளுக்கு ஒரு கலியாணம் பேசேக்கை ஆராவது தூக்கிக் காட்டினால் என்ன செய்யிறது?"

ஆறு வயதுப் பிள்ளையின் கலியாணம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை நன்கறிந்த ஜெயதீபன் போய் அக்காவிடம் சொன்னான். தனுஷா பேஸ்புக்கிலிருந்து படத்தை எடுத்துவிட்டாள். தம்பி வீட்டுக்கு வருவதையும் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

தைப்பூசத்தன்று பின்னேரம், முருகன் எழுந்தருளும் மரத்தேரான மஞ்சம் வீதிக்கு வந்தது. எள் போட்டால் எள் விழாத சனம். மஞ்சமும் தன் முகமும் ஒன்றாக விழ ஒரு படம் எடுப்பதற்காகத் தக்சாயினி பிள்ளையின் கையை விட்டாள். படம் நன்றாக விழுந்தது. திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை.

ஜெயதீபன் சனத்துக்குள் பாய்ந்து தேடப் போனான். தக்சாயினி தொண்டர்கள் நின்ற கொட்டிலுக்கு ஓடினாள்.

"பிள்ளையின்ரை படம் ஒண்டு தாங்கோ அக்கா. எங்கடை வட்ஸ்அப் குறூப்பிலை போட்டால் எல்லா வீதியிலையும் பாப்பினம்," என்றான் அங்கு நின்ற இளைஞன்.

அவள் போனைத் திறந்தாள். நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தன. தள்ளினாள், தள்ளினாள். ஒன்றில்கூட அவளுடைய பிள்ளை இல்லை. எல்லாவற்றிலும் பொம்மைக் கண்ணோடு ஒரு வெள்ளைச் சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். காலையில் எடுத்ததைக் கொடுத்தாள். சிவப்புப் பட்டுப்பாவாடை. அன்று வீதியில் நின்ற சிறுமிகளில் பாதிப்பேர் சிவப்புப் பாவாடைதான்.

"நேரிலை இப்பிடி இல்லைத் தம்பி," என்று அவள் சொன்னபோது மேளம் முழங்கியது; அவனுக்குக் கேட்கவில்லை. படம் அதற்குள் போய்விட்டது.

ஒலிபெருக்கியில் பிள்ளையின் பெயரைக் கேட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் ஓடிவந்தது தனுஷாதான். தக்சாயினிக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தனுஷா இளைஞனின் போனை எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, உதை வைச்சுத் தேடினால் கடைசிவரைக்கும் பிடிக்கேலாது. இதைப் போடுங்கோ," என்று தன் போனை நீட்டினாள்.

கூழ் குடிக்கும் படம்.

"பேஸ்புக்கிலையிருந்துதான் எடுத்தனான்," என்றாள் தக்சாயினியைப் பாராமலே. "போனிலையிருந்து அழிக்க மனம் வரேல்லை."

படம் போன கையோடு இளைஞனின் போன் அடித்தது. மேற்கு வீதித் தண்ணீர்ப்பந்தலில் நின்ற தொண்டர் கதைத்தார். "இந்தப் பிள்ளை என்ரை பக்கத்திலைதான் இருக்கிறா. முதல் வந்த படத்தைக் காட்டி, இது நீங்களோ எண்டு கேட்டனான். இல்லையெண்டு தலையாட்டிப் போட்டா. அதுதான் வேறை பிள்ளையாக்கும் எண்டு விட்டிட்டன். பேர் கேட்டாலும் சொல்லுறா இல்லை."

தெரியாத ஆட்களிடம் பெயர் சொல்லாதே என்று பழக்கியதும் தக்சாயினிதான்.

ஜெயதீபனுக்குப் போனில் சொல்லிவிட்டு மச்சாள்மார் இருவரும் ஓடிப்போனபோது, தண்ணீர்ப்பந்தல் மரவாங்கில் உட்கார்ந்து நிவேதனா காலை ஆட்டிக்கொண்டு சர்பத் குடித்துக்கொண்டிருந்தாள். தக்சாயினி அவளை அள்ளி எடுத்து, முருகா, முருகா என்று அழுதாள். அழுது முடிந்த பிறகுதான் கேட்க முடிந்தது.

"அந்த மாமா படத்தைக் காட்டினவரெல்லே? ஏனம்மா இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"அது நானில்லைத்தானே அம்மா," என்றாள் பிள்ளை. "அது போனிலை இருக்கிற பிள்ளை. வடிவான பிள்ளை."

தக்சாயினி பிள்ளையை இறக்காமலே மச்சாளைத் திரும்பிப் பார்த்தாள். முருகன் பிள்ளையைத் தந்தான். ஆனால் எந்தப் பிள்ளையைத் தொலைத்தாளோ அதை மச்சாள்தான் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். வீட்டு ஆட்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அவள் தனுஷாவின் கையைப் பிடித்தாள்.

"அழிக்காமல் வைச்சிருந்தியள் மச்சாள்," என்றாள். திரும்பவும் அழுகை வந்துவிட்டது.

"சரி, அழாதை. கண்மை கரைஞ்சு பேய் மாதிரி நிக்கிறாய். பிள்ளை திரும்ப ஓடப்போகுது," என்றாள் தனுஷா. அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"பரவாயில்லை. இப்பிடியே எங்களை ஒரு படம் எடுங்கோ. உங்கடை போனிலை."

தனுஷா போனைத் தூக்கினாள். தூக்கியதுதான் தாமதம், நிவேதனாவின் கை பழக்கதோஷத்தில் தானாக எழுந்து வாயைப் பொத்தியது.

தக்சாயினி அந்தச் சின்னக் கையை மெல்ல இறக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இப்ப சிரியுங்கோ குஞ்சு."