ஒரு குளிர்காலத்து விறகு

லேனா ஆறு உறையத் தொடங்கும் சமயத்தில் எங்கள் ஊரிலிருந்து யாரும் எங்கேயும் போக முடியாது. பனிப்பாளங்கள் மிதந்து வருவதால் படகு விட முடியாது. மேலே நடக்கலாம் என்றால், பனிக்கட்டி இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. அனிசியா அக்காவுக்குத் தன் புருஷனைப் பற்றித் தெரியவந்தது அந்த நேரம் பார்த்துத்தான்.

அவர்கள் எங்களுக்குப் பக்கத்து வீடு. மகள் கல்யாணமாகி நகரத்துக்குப் போய்விட்டாள். கவ்ரில் அண்ணனும் அக்காவும் மட்டும்தான், கூட மூன்று பசுக்கள். அக்கரையில் கடை வைத்திருக்கும் லுகேரியா என்ற விதவையோடு அவனுக்கு இரண்டு வருஷப் பழக்கம். கடைசிப் படகில் மாவு மூட்டையோடு வந்து இறங்கிய ஒருத்தி, அக்காவுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து அவளிடமே பேசிவிட்டாள்.

சத்தம் கேட்டு நான் போனபோது அவனுடைய பூட்ஸ், துப்பாக்கி, ரோமக் கோட்டு எல்லாம் வாசலுக்கு வந்திருந்தன. அவன் அவற்றின் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"போன்னா எப்படிப் போறது? ஆத்தப் பாத்தியா நீ?"

"நீந்திப் போ. ரெண்டு வருஷமாப் போயிட்டு வந்தவனுக்கு வழி தெரியாதா?"

"சரி, உன் அண்ணன் வீடு சும்மாதானே கெடக்கு. அங்க இருந்துக்கிறேன்."

என் வீட்டுக்காரர் தெரெந்திதான் அதைக் கெடுத்தார். கெடுத்தார் என்று என்ன சொல்வது, உண்மையைச் சொன்னார். "ஒரு வீட்டுக்குத்தான் விறகு அடுக்கி வச்சிருக்கீங்க. அதைப் பாதியாப் பிரிச்சா ஜனவரியிலயே தீந்துடும். அப்புறம் ரெண்டு வீட்டுலயும் ஆளுக்கொரு பொணத்தை எடுக்கணும்."

அக்கா வெகுநேரம் விறகு அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துப்பாக்கியை மட்டும் எடுத்து உள்ளே வைத்தாள். மற்றதை அவனே எடுத்துக்கொண்டு வந்தான்.

அடுப்பு வீட்டின் நடுவில் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டாள். அவனோடு நேராகப் பேசுவதில்லை. நான் போனால் என்னிடம் பேசுவாள். "வார்யா, தண்ணிக்கு ஐஸ் வெட்ட ஏரிக்குப் போகணும்னு அந்தாளுகிட்ட சொல்லு." அந்த ஆள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான். "தங்கச்சி, நாளைக்கே போறேன்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லு." எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வேன்.

ஆறு கெட்டிப்பட்டு அதன் மேல் வண்டிப் பாதையும் போட்டாயிற்று. அவன் கிளம்பிவிடுவான் என்று ஊரே நினைத்தது. கிளம்பவில்லை. மாட்டுக்கு வைக்கோல் இழுத்து வந்தான், வாசல் பனியைத் தள்ளினான். அக்காவும் போ என்று சொல்லவில்லை. மைனஸ் ஐம்பதில் ஒருத்தியாகத் தொழுவத்தையும் அடுப்பையும் பார்த்துக்கொள்ள முடியாது என்பது அவளுக்குத் தெரியும். பகல் என்பது பேருக்குத்தான். மதியம் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம் வரும், பிறகு மூடுபனி. எதிர்வீட்டுக்குப் போக வேண்டுமென்றாலும் கண்ணை மட்டும் விட்டு எல்லாவற்றையும் சுற்றிக்கொள்ள வேண்டும். அந்த இருட்டில் போர்வைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருமுகிற சத்தம் கேட்டால்கூட மனசுக்குத் தெம்பாக இருக்கும். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். யாரோடு சண்டை என்பதெல்லாம் மே மாதத்துக்கு.

ஜனவரியில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. மூடுபனியில் ஆம்புலன்ஸ் வரவில்லை. அவன்தான் பார்த்தான். பால் கறந்தான். குதிரைக்கறியை வேகவைத்து, சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊட்டினான். அடுப்பு அணையக் கூடாதென்று தூங்காமல் உட்கார்ந்திருந்தான். அவள் தலைமுடியைக்கூட வாரிவிட்டான். நான் கண்ணால் பார்த்தேன்.

காய்ச்சல் இறங்கிய பிறகு அவள் அவனோடு நேராகப் பேச ஆரம்பித்தாள். முதலில் மாட்டைப் பற்றி. அப்புறம் உப்பு போதுமா என்று. பிப்ரவரியில் ஒருநாள் போனேன், போர்வையைக் காணோம்.

"அழுக்காயிடுச்சு. தோய்க்கப் போட்டேன்," என்றாள்.

"தோய்க்கப் போட்டது காய எவ்வளவு நாளாகும்க்கா?"

"போடி. பல்லைக் காட்டாதே," என்றாள். கன்னம் சிவந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயசு அவளுக்கு.

மார்ச்சில் சூரியன் திரும்பி வந்தது. எங்கள் ஆண்கள் எல்லோரும் காட்டுக்குப் போனார்கள். அடுத்த குளிருக்கு வேண்டிய மரத்தை இப்போதே வெட்டிப் பிளந்து அடுக்கினால்தான் கோடையில் காயும். செப்டம்பரில் வெட்டிய மரம் அடுப்பில் அழும். புகைதான் வரும், சூடு வராது. தெரெந்தி இரண்டு தடவை கவ்ரிலைக் கூப்பிட்டார். முதுகு வலி என்றான். அடுத்த வாரம் ரம்பம் சரியில்லை என்றான்.

அன்று சாப்பிடும்போது தெரெந்தி என்னிடம் சொன்னார்: "அவன் வெட்ட மாட்டான்."

"முதுகு வலின்னு சொன்னாரே."

"முதுகு நல்லாத்தான் இருக்கு. நேத்து தன் ஜீப்போட கியர்பெட்டியைத் தனியாத் தூக்கி வச்சான். அடுத்த குளிருக்கு அந்த வீட்டுல இருக்கப்போறவனா இருந்தா, தவழ்ந்தாவது காட்டுக்கு வந்திருப்பான்."

இதை அக்காவிடம் சொல்வதா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அதற்குத் தேவையிருக்கவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே. புது விறகு அடுக்க வேண்டிய காலி இடத்தை அவளும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்துக்கொண்டே அவனுக்குப் புதுக் கையுறை பின்னினாள்.

ஏப்ரல் கடைசியில் ஆற்றின் மேல் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. பாதையை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. அன்று காலை அவன் ஜீப்பில் சாமான் ஏற்றினான். அக்கா தொழுவத்திலிருந்து பால் வாளியோடு வந்தாள். நான் வேலி ஓரம் நின்றிருந்தேன்.

"எப்ப முடிவு பண்ணினே?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

அவன் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தான்.

"நவம்பர்லயே பாதை போட்டாங்களே. அப்பவே போயிருக்கலாமே."

"அப்ப எங்க போறது அனிசியா? லுகேரியா வீட்டுல அவ மகன் குடும்பம் இருந்துச்சு. குளிருக்கு எல்லாம் ஒரே வீட்டுல. இப்பதான் மாடு ஓட்டிக்கிட்டுக் கோடைக் குடிசைக்குப் போறாங்க. மகன் இனி தனியா வீடு கட்டிக்கிறானாம்."

"அப்ப நீ இங்க குளிருக்கு ஒதுங்கியிருந்தே."

"நான் உன்னைப் பாத்துக்கலையா? நீ சாகக் கெடந்தப்ப யாரு பாத்தது?"

"பாத்தே," என்றாள். "நான் செத்துட்டா அடுப்பை ஒருத்தனாப் பாத்துக்க முடியாதில்ல."

அவன் முகம் சுருங்கியது. அப்படி இல்லை என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஜீப் சக்கரம் முழுகுகிற தண்ணீரில் அவன் ஆற்றைக் கடந்து போனான். பனி உடைந்து உள்ளே விழுந்தாலும் விழட்டும் என்று நான் நினைத்தேன். விழவில்லை.

தெரெந்தி தன்னால் முடிந்த மரத்தை வெட்டிக் கொடுத்தார். அது பாதிக் குளிருக்குத்தான் வரும். மீதியை அக்கா செப்டம்பரில் ஈரமரமாக வாங்கினாள். மூன்று பசுவில் இரண்டை முதல் பனியிலேயே கறிக்கு வெட்டிவிட்டாள். அடுப்புக்கு அந்தப் பக்கத்தைப் பலகை அடித்து மூடினாள். எங்களோடு வந்து இருக்கச் சொன்னேன். "இன்னொருத்தர் அடுப்புல குளிர் காயறவங்களை நான் பாத்துட்டேன், வேணாம்," என்றாள். அந்தக் குளிரில் புகையால் அவள் கண் எப்போதும் சிவந்தே இருந்தது. அழுகிறாளா என்று யாராலும் சொல்ல முடியாது. அது அவளுக்கு வசதிதான்.

டிசம்பரில் வண்டிக்காரன் ஒருவன் அக்கரையிலிருந்து ஒரு சாக்கு மீன் கொண்டுவந்து இறக்கினான். விறைத்துக் கட்டையாக இருந்தது. கவ்ரில் கொடுத்துவிட்டானாம். அவன் குண்டாகிவிட்டான், அங்கே சுவர் உயரத்துக்கு விறகு அடுக்கி வைத்திருக்கிறான் என்றும் வண்டிக்காரன் கேட்காமலே சொன்னான்.

அவள் சாக்கை நாய்க்குக் கொட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கதவுக்கு உள்ளே உட்கார்ந்து ஒரு மீனை எடுத்தாள், தலையைத் தரையில் ஊன்றிக் கத்தியால் மெல்லிசாகச் சீவினாள். எங்கள் ஊர் வழக்கப்படி உப்பைத் தொட்டுப் பச்சையாகவே வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கும் நீட்டினாள்.

"அவன் மீனைத் திங்கறியாக்கா?"

"பசு ஒண்ணுதான் மிச்சம், பாலும் வத்திப்போச்சு. ரோஷத்தையா வேகவச்சுத் திங்கறது?" என்றாள். பிறகு வண்டிக்காரனைப் பார்த்து, "சாக்கு காலியானதும் கொடுத்தனுப்பறேன்னு சொல்லு. அடுத்த தடவை கொழுப்பா பாத்துப் போடச் சொல்லு," என்றாள்.

அந்தக் குளிர் முழுக்க அவள் அந்த மீனைத்தான் சாப்பிட்டாள். ஒரு துண்டுகூட வீணாக்கவில்லை. அவன் பேரை மட்டும் ஒரு தடவையும் சொல்லவில்லை.