எலாதியோவுக்கு விழுந்த மாலை

...நடுவில் உதைத்தால் பந்து நேராகத்தான் போகும், ஓரத்தில் உதைக்க வேண்டும், அதுதான் எலாதியோ, ஓரத்தில் உதைபட்ட பந்து சுழன்றுகொண்டே போகும், சுழலும்போது ஒரு பக்கக் காற்றைக் கூடவே இழுக்கும், மறுபக்கக் காற்றை முட்டும், இரண்டுக்கும் நடுவே வேறு வழியில்லாமல் வளையும்... ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நிற்க, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி ராஜாங்கம் அந்த உதையை மனசுக்குள் மறுபடி உதைத்துப் பார்த்தான். உருகுவேக்காரன், துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்கியவன், மூன்று உலகக் கோப்பை ஆடி ஒன்றுகூடக் கைக்கு வராதவன், அப்படியும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு செல் கடையில் அவன் ஸ்டிக்கர் கிடைக்கும், ஏன்? தோற்ற ஆட்டத்திலும் எதிராளியைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவானே, அதனாலா? போன வைகாசியில் ஓய்வு பெற்றுவிட்டான், முட்டி தாங்கவில்லையாம். பெறட்டும், உடம்பு என்ன இரும்பா... ஆனால் அதிலிருந்து செல்லமுத்து போன் செய்யவே இல்லையே?

செல்லமுத்து, மனைவி கொளஞ்சியம்மாளின் தம்பி. கூட்டுக் கிணற்றில் யார் முறையில் யார் மோட்டார் போட்டது என்ற சண்டைக்குப் பிறகு பேச்சு நின்றுபோனது, எலாதியோ ஆடிய மறுநாள் காலை மட்டும் போன் வரும், பந்தைப் பற்றி மட்டும், அக்கா எப்படி என்றுகூடக் கேட்கமாட்டான், கடைசியில் ஒரு 'சரி மாமா, வெச்சிடறேன்'. இப்போது சற்று முன்னால் நிற்கும் டிராக்டரில் அவன் முதுகு தெரிகிறது. இறங்கிப் போகலாமா? போய் எதைப் பேசுவது, கிணற்றையா?

"மாமா! எப்போ மாமா?" திரும்பிப் பார்த்த அவனே, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி ஓடிவருகிறான், பின்னால் மூத்த டிரைவர் சடையன்.

"இன்னா எப்போ?"

"எலாதியோ எப்போ செத்தாரு? நல்லாத்தான இருந்தாரு!"

ராஜாங்கம் இறங்கி அண்ணாந்து பார்த்தான். பருவத்தின் முதல் லோடு என்று காலையில் கொளஞ்சியம்மாள் வண்டிக்குப் பூசை போட்டவள், மிச்சமிருந்த சாமந்தி மாலையைக் கூரை முகப்பில் ஒட்டியிருந்த எலாதியோ படத்துக்கும் சாத்தியிருந்தாள், நெற்றியில் பொட்டு வேறு, மாலைக்குள் அவன் சிரிக்கிறான்.

"சாவல மாப்ள. ரிட்டயர்டுதான் ஆயிக்கிறாரு."

"அதுக்கு மாலயா? எங்கக்கா வேலையா இது?"

"துண்டு எடுத்த துக்கத்துக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடுங்கப்பா" என்றார் சடையன்.

ஆளுக்கு ஒரு முனையாக மாலையை அவிழ்த்தார்கள். அவிழ்த்தாயிற்று, இனி என்ன? செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டான், திரும்பினான், போகப்போகிறான், போய்விட்டால் அப்புறம் எந்த ஆட்டம் வந்து கூப்பிடும்...

"அந்தக் கடைசி கோலு, வலது காலாலதான மாப்ள அடிச்சாரு?"

"இன்னா மாமா நீ! எடது காலு! வலது காலால அவுரு என்னிக்கி அடிச்சாரு?" மட்காட்டில் ஏறி உட்கார்ந்தே விட்டான், கையைக் காலாக்கி விளக்குகிறான், முன்னே வரிசை நகர்கிறது, யாரோ ஹாரன் அடிக்கிறார்கள், அவன் இறங்கவில்லை. தெரிந்ததையே தெரியாதவன் போல ராஜாங்கம் கேட்டுக்கொண்டிருந்தான்... போனில் இவனும் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தப்பாகத்தானே சொல்வான், கோல் கணக்கை மாற்றி, ஆடிய ஊரை மாற்றி, விவரமில்லாத பயல் என்று நானும் அரைமணி நேரம் விளக்குவேனே, அதெல்லாம்... தெரியாமல் சொன்னதுதானா?