ஏலக்காய் மாலை

"டிகிரி முடிச்ச புள்ளைக்குச் சொளகு பிடிக்கத் தெரியுமாத்தா?" என்று ஜக்கையன் ஒரு தடவை கற்பகத்திடம் கேட்டார்.

கேட்டு முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. போடியில் ஓர் ஏலக்காய்க் குடோன் வாசலில் வைத்துக் கேட்டார். அவர் அங்கே மேஸ்திரி. கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குச் சந்தேகம். கற்பகம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். காய் பிரிக்கும் பெண்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் ஒரு முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மலைமேல் எஸ்டேட்டில் விழுந்து இடுப்பொடிந்து அவளுடைய அப்பா படுத்திருந்த சமயம் அது. பி.எட். சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். அப்பா எழுந்து நடமாடியதும் போய்க்கொள்ளலாம் என்று இருந்தாள். அப்பா எழவில்லை.

வேலை ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. பெரிய காய் ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், வெடித்தது தனி, வெளுத்தது தனி. விரலே பார்த்துப் போட்டுவிடும். கண் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருக்கும் தவிட்டுக்குருவியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பி.எட். கைவிட்டுப் போனாலும் காலேஜை அவள் விடவில்லை. ராசிங்காபுரம் போகிற சாலையில் இருந்த அந்தப் பெண்கள் காலேஜில்தான் பி.ஏ. தமிழ் படித்தாள். ஒவ்வொரு வருஷமும் தை மாதத்தில் பழைய மாணவிகள் கூட்டம் நடக்கும். பட்டுப்புடவை கட்டி வருகிறவர்கள் ஒரு வருஷம் வருவார்கள், நாலு வருஷம் வரமாட்டார்கள். கற்பகம் ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை. நாற்காலி எடுத்துப் போடுவாள், வந்தவர்களின் பெயரை எழுதுவாள், கடைசியில் ஹாலைக் கூட்டிவிட்டும் வருவாள்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்துவந்தாள். கூடப் படித்தவர்களைத் தேடிப் பிடிப்பது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காரும் முன்பே, "தேவாரம் ஊர்ல கட்டிக்குடுத்தாங்களே பெரியம்மாள், இப்ப எங்க இருக்கா?" என்று விசாரிப்பாள். பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் நம்பர் வாங்குவாள். காலேஜின் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள் என்றால் அதில் பாதிக்கு மேல் கற்பகம் கொண்டுவந்து சேர்த்தவர்கள். அந்தக் குழுவில் அவள் எதுவும் பேசியதில்லை. யாராவது பேரன் பிறந்த செய்தி போட்டால் மட்டும் ஒரு பூ அனுப்புவாள்.

பழைய மாணவிகள் சங்கத்தை நடத்தியவள் மெஹ்ராஜ். கற்பகத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். மேலே படித்து, அதே காலேஜில் வாத்தியாராகி, இப்போது தமிழ்த்துறைக்குத் தலைவி. வெளியில் பார்த்தால் இரண்டு பேருக்கும் வாடி, போடிதான். காலேஜ் கேட்டைத் தாண்டியதும் கற்பகம் அவளை மேடம் என்பாள். "ஏன்டி இப்படிக் கூப்பிடுற" என்று மெஹ்ராஜ் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். கற்பகத்துக்கு அங்கே வேறு மாதிரி வாய் வராது.

ஆவணி மாதம் ஒரு நாள் மெஹ்ராஜ் போன் பண்ணினாள்.

"கற்பகம், அடுத்த வியாழக்கிழமை வெளியூர்ல இருந்து குழு வருது. காலேஜுக்குத் தரம் போடுற குழு. பழைய மாணவிகளையும் பாத்துப் பேசுவாங்க. நிர்வாகம் கட்டன்ரைட்டாச் சொல்லிருச்சு. இந்தத் தடவை தரம் எறங்குனா தமிழ்த்துறையை மூடிருவாங்களாம். இப்பவே முதல் வருசத்துல ஒம்பது பிள்ளைகதான் இருக்கு."

"மூடுறதா? அதெப்படி மூடுவாங்க?"

"புதுசாச் சேக்க மாட்டாங்க. இருக்குறதுக முடிச்சுட்டுப் போனதும் பூட்டிருவாங்க. நல்ல நெலைமைல இருக்குற நம்ம பிள்ளைக ஒரு பன்னெண்டு பேரக் கூட்டிட்டு வாடி. நீ சொன்னா வருவாங்க."

அன்றிலிருந்து கற்பகம் மத்தியானச் சோற்று நேரத்தில் போனும் கையுமாகவே இருந்தாள். குடோனில் கூட வேலை பார்த்த ஆயம்மாளுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"என்னாக்கா, இந்த வயசுல பரீட்சையா? ஹால்டிக்கெட்டு வந்துருச்சா?"

"அக்கா பாஸாகிட்டா நம்மளுக்கெல்லாம் வாத்தியார் வேலை போட்டுக் குடுப்பாக" என்றாள் பக்கத்தில் காய் பிரிக்கிற மருதாயி. "ஏன்க்கா, எனக்கு அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் குடுத்தாப் போதும். மேல உள்ள பிள்ளைக அடிச்சுப்புடும்."

கற்பகமும் சிரித்தாள். மதுரையில் தாசில்தாராக இருந்தவள் வருகிறேன் என்றாள். கோவையில் ஒரு டாக்டரம்மாவுக்கு அக்கா, இங்கே படித்தவள், அவளும் வருகிறேன் என்றாள். கம்பத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறவள் காரிலேயே வந்துவிடுவதாகச் சொன்னாள். பன்னிரண்டு பெயரும் சேர்ந்த அன்று கற்பகத்துக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷம்.

வியாழக்கிழமை ஜக்கையனிடம் லீவு சொன்னாள். சீசன் நேரம், மலையிலிருந்து ஜீப்பு ஜீப்பாய் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. கிழவர் முணுமுணுத்துவிட்டு, "சாயங்காலமாச்சும் வந்து ஒக்காரு" என்றார்.

ஒன்பது மணிக்குக் காலேஜ் ஹாலில் கற்பகம் ஒருத்திதான் இருந்தாள். ஒன்பதரைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி தையல் கடை வைத்திருப்பவள், இரண்டு பேர் வீட்டில் இருப்பவர்கள். தாசில்தார் அம்மாவுக்குத் திடீரென்று கலெக்டர் ஆபீசில் கூட்டமாம். கம்பத்துக்காரியின் மாமியாருக்கு மூச்சிரைப்பாம். இன்னொருத்தி, "லிங்க் அனுப்பிருந்தா இருந்த எடத்துல இருந்தே பேசிருப்பேனே" என்று செய்தி போட்டிருந்தாள். மற்றவர்கள் போனை எடுக்கவில்லை. கற்பகம் அடித்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்து அடித்து நின்றது.

மெஹ்ராஜ் வந்து காலி நாற்காலிகளைப் பார்த்தாள். கற்பகத்தைக் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"இங்க பாரு. பேரெல்லாம் முன்னாடியே எழுதிக் குடுத்தாச்சு. அதுல ஒன்ன ஏலக்காய் ஏற்றுமதி செய்யுறவன்னு போட்டிருக்கேன்."

"என்னையா?"

"சொந்தத் தொழில் பண்றவங்க ரெண்டு பேராச்சும் வேணும்னாங்க. ஒரு பேருக்குத்தான்னு போட்டேன். தாசில்தாரு பேசுவா, ஒங்கிட்ட வரமாட்டாங்கன்னு நெனச்சேன். இப்பப் பாரு, யாருமில்ல."

"எனக்கு அப்படியெல்லாம் பேச வராது மேடம்."

"மேடம்னு சொல்லாதடி இப்பமாச்சும். ரெண்டு வார்த்தை போதும். குடோன் இருக்கு, ஆளுக வேலை பாக்குறாங்க, அவ்வளவுதான். காயப் பத்தி ஒனக்குத் தெரியாததா? நம்ம டிப்பார்ட்மெண்டுடி."

கற்பகம் தலையாட்டினாள். முதல் வருஷத்து ஒன்பது பிள்ளைகளும் ஹாலின் ஓரத்தில் ஒரே நிறத்தில் புடவை கட்டி, வரவேற்புத் தட்டுகளோடு நின்றார்கள். ஒருத்திக்குக் கொசுவம் சரியாகவே அமையவில்லை.

குழு மூன்று பேர். தலைவர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர், இங்கிலீஷ்தான். கூட ஓர் இளைஞர், குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். மூன்றாவது ஆள் கோயம்புத்தூர்க்கார அம்மா. நரைத்த தலை, காட்டன் புடவை, தமிழ் பேசினார். வந்தவர்களுக்கு இந்த ஊர் வழக்கப்படி ஏலக்காய் மாலை போட்டார்கள். கோத்தவர்கள் அவசரத்தில் மெல்லிய நூலில் கோத்துவிட்டார்கள் போலிருக்கிறது. தலைவர் மாலையைக் கழற்றி மேசைமேல் வைக்கும்போது நூல் அறுந்தது. வெள்ளை விரிப்பு முழுக்கக் காய் சிதறியது.

"ஐயோ, பரவால்ல" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த கற்பகம் கீழே விழாமல் காயை அணைத்துக் கூட்டினாள். பேச்சு ஆரம்பமாகிவிட்டது. தையல் கடைக்காரி தன் கடையைப் பற்றிச் சொன்னாள். கோயம்புத்தூர் அம்மா அதை இங்கிலீஷில் தலைவருக்குச் சொன்னார். கற்பகத்தின் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. சொல்லவேண்டிய இரண்டு வார்த்தையை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். குடோன் இருக்கு, ஆளுக வேலை பாக்குறாங்க. குடோன் இருக்கு.

"நீங்கதான் ஏற்றுமதி பண்றவங்களா?"

நிமிர்ந்தாள். அந்த அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கற்பகமும் பார்த்தாள். விரிப்பின்மேல் நாலு குவியல் இருந்தன. பெரியது, நடுத்தரம், வெடித்தது, வெளுத்தது. ஒரு காய்கூட இடம் மாறி விழவில்லை. விரல் இடுக்கில் இன்னும் ஒரு காய் இருந்தது.

"ஆமாங்க. குடோன் இருக்குங்க. ஆளுக வேலை பாக்குறாங்க."

"எத்தனை பேர்?"

"பதினாலு பேருங்க."

அது பொய்யில்லை. பதினாலு பேர்தான் தினமும் உட்காருகிறார்கள்.

"அவங்களே நேர்ல நின்னு எல்லாத்தையும் பாத்துக்குவாங்க" என்றாள் மெஹ்ராஜ், பின்னாலிருந்து.

"அப்படியா" என்றார் அந்த அம்மா. கொஞ்ச நேரம் கற்பகத்தின் கையையே பார்த்தார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் காய்த்து, நகம் தேய்ந்து போயிருந்தது. அதட்டாமல், பக்கத்து வீட்டுக்காரி கேட்பதுபோலக் கேட்டார். "அந்தப் பதினாலு பேர்ல நீங்களும் ஒருத்தரா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். அவ்வளவு அன்பாகக் கேட்டவரிடம் அது வரவில்லை.

"ஆமாங்க" என்றாள்.

தலைவர் என்னவென்று கேட்டார். அந்த அம்மா இங்கிலீஷில் சொன்னார். அவர் கோபப்படவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்து, பேனாவால் ஓரிடத்தில் ஒரு வட்டம் போட்டார். பிறகு அவர் கேட்டதை அந்த அம்மா தமிழில் கேட்டார்.

"எந்தத் துறைல படிச்சீங்க?"

"தமிழுங்க. பி.ஏ. தமிழ்."

"முடிச்சதுல இருந்து இதே வேலைதானா?"

"முப்பத்திரண்டு வருசமாங்க."

"அந்தப் படிப்பால உங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு சார் கேக்குறார்."

கற்பகத்திடம் பதில் இருந்தது. மலைப்பாதையில் எஸ்டேட் ஜீப்பு கவிழ்ந்து நாலு பெண்கள் செத்தபோது அந்தக் குடும்பங்களுக்கெல்லாம் மனு எழுதியது அவள்தான். குடோனில் யாருடைய வீட்டுக் கடிதாசியும் அவள் கைக்குத்தான் வரும். வேலை நேரத்தில் பழைய பாட்டு ஒன்றை அர்த்தத்தோடு சொன்னால் மருதாயி சொளகை நிறுத்திவிட்டுக் கேட்பாள். இதையெல்லாம் எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எதிரே நாலு குவியல். ஓரத்தில் ஒன்பது பிள்ளைகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எதைச் சொன்னாலும் அந்தக் குவியலுக்கு முன்னால் நிற்காது போலிருந்தது.

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

இளைஞர் அதை எழுதினாரா இல்லையா தெரியவில்லை. தலைவர் தலையை ஆட்டிவிட்டு, காலேஜ் முதல்வர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். முதல்வர் தமிழ்த்துறையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஆரம்பித்து நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். அடுத்து நூலகத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுந்தார்கள். போகும்போது கோயம்புத்தூர் அம்மா கற்பகத்தின் தோளில் கை வைத்து, "உண்மையச் சொன்னீங்க, சந்தோஷம்" என்றார். பொய்யே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று அப்போது கற்பகத்துக்குத் தோன்றியது. பொய் சொல்லியிருந்தாலும் கை காட்டிக்கொடுத்திருக்கும் என்றும் தோன்றியது. இரண்டில் எதைச் செய்திருந்தால் துறை தப்பியிருக்கும் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

ஹால் காலியானது. தையல் கடைக்காரி, "நீ என்ன செய்வ, விடுக்கா" என்று சொல்லிவிட்டு பஸ்சைப் பிடிக்க வெரசாகப் போனாள். பிள்ளைகள் தட்டுகளை அடுக்கினார்கள். கொசுவம் சரியில்லாதவள் பக்கத்தில் வந்து, "நாங்க வேற காலேஜுக்குப் போகணுமாக்கா?" என்று கேட்டாள்.

"மூணு வருசமும் இங்கதான் முடிப்பீக. பயப்படாதீக" என்றாள் கற்பகம். அவர்களுக்கு அப்புறம் வருகிறவர்களைப் பற்றி அந்தப் பெண் கேட்கவில்லை.

குழு சாப்பிடப் போனதும் கற்பகம் தமிழ்த்துறை அறைக்குப் போனாள். மெஹ்ராஜ் மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. எதிரே கோப்பு மூடியபடி இருந்தது. கற்பகம் உட்காரவில்லை.

"மேடம்." பிறகு, "மெஹ்ராஜு" என்றாள். "அந்தம்மா கேட்ட கேள்விக்கு எனக்குப் பொய் வரலடி. வாய் வரைக்கும் வந்துச்சு."

மெஹ்ராஜ் கோப்பின் நாடாவைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"இந்தப் பாவி கைக்கு அறிவில்ல. காயக் கண்டா ஓடிருது. நான் பாக்கவே இல்ல, சத்தியமா."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் பிள்ளைக சேந்தா மூட மாட்டாங்கள்ல? இருவது பேரு சேத்துட்டா? நான் ஞாயித்துக்கிழமை மலை மேல போறேன். எஸ்டேட்டு லயத்து வீடுகள்ல எம்புட்டோ பிள்ளைக பிளஸ் டூ முடிச்சுட்டுக் காய் எடுக்கப் போகுதுக. வீடு வீடாப் போயிக் கேக்குறேன். கூட்டியாறேன்டி."

சொல்லும்போதே, அந்த வீட்டுக்காரர்கள் அவளைத் திருப்பிக் கேட்கப்போவது அவள் காதில் விழுந்தது. படிச்சு நீ என்னாத்தா ஆன?

மெஹ்ராஜ் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் கற்பகம் தாங்கியிருப்பாள். திட்டினால் வாங்கிக்கொண்டிருப்பாள். அந்தக் கண்ணில் அப்படி ஒன்றும் இல்லை. சோர்வு மட்டும் இருந்தது. வெளியே வராந்தாவில் சாப்பாடு முடிந்து குழு திரும்பி வரும் சத்தம் கேட்டது. முதல்வரின் சிரிப்பு எல்லார் சிரிப்புக்கும் மேலே கேட்டது.

மெஹ்ராஜ் எழுந்தாள். முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுச் சரிசெய்தாள். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலை மறித்து நின்ற கற்பகம் விலகுவதற்காக ஒரு கணம் நின்றாள். கற்பகம் விலகினாள். மெஹ்ராஜ் அவளைத் தாண்டி வராந்தாவில் இறங்கிப் போனாள்.