ஏழாவது பெயர்

டிப்போ நோட்டீஸ் போர்டைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்கவில்லை.

பஸ்களுக்கு பிரேக் பார்ப்பது அவள் வேலை. பதினாறு வருஷமாக எல்லோருக்கும் அவள் 'பிரேக்கக்கா'. போன மாதம் அவள் போகும் ஜெபவீட்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அதன்பின், கிறிஸ்தவர்கள் விசுவாசத்தை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்று உத்தரவு வந்தது. அவள் கொடுக்கவில்லை. ஆனால் கொடுத்தவர்கள் பட்டியலில் ஏழாவதாக அவள் பெயர். ஆறாவது, அங்கேயே டிக்கெட் கவுண்டரில் உட்காரும் அவள் அண்ணன்.

நேரே கவுண்டருக்குப் போனாள்.

"என் கையெழுத்தை யாரு போட்டது?"

"மெதுவா பேசு. வரிசையில ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். காது குளிரக் கேக்கட்டும்."

"உனக்காகத்தான் போட்டேன். எழுதிக் கொடுக்காத பஸ் கழுவுறவர் வீட்டு ஜன்னலையெல்லாம் நொறுக்கிட்டாங்க, தெரியும்ல? வெறும் காகிதம். மனசுக்குள்ள கும்பிட்டுக்கோ, யாரு வேணாங்கறா?"

"உன் பேரை எங்க வேணா எழுதிக்கோ. என் பேரை ஏன் தொட்ட? என் ஞானஸ்நானத்துக்குத் தண்ணியில முங்கினது நீயா, நானா?"

மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். "பட்டியல்ல என் பேரை அடிங்க சார்."

"அடிச்சா வேலையும் போயிடும். உங்கண்ணன் எவ்வளவு கெஞ்சினான் தெரியுமா?"

"அடிங்க."

அவர் ஃபைலைப் புரட்டத் தொடங்கினார். அவள் நோட்டீஸ் போர்டுக்குத் திரும்பி வந்து, கிரீஸ் விரலால் தன் பெயரைத் தேய்த்தாள். காகிதம் கிழியும்வரை தேய்த்தாள். பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவன் அவள் காலடியில் துப்பினான். "திமிரப் பாரு!" போன வாரம்தான் அவன் பஸ்ஸுக்கு பிரேக் ஷூ மாற்றியிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது; துக்கத்தில் அல்ல.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். அண்ணன் டிப்போ கேட் வரை ஓடி வந்தான்.

"இப்ப சந்தோஷமா?"

"இல்ல. உடம்பெல்லாம் எரியுது. போயிடு."

வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் முழங்கால் போட்டாள்.

"ஆண்டவரே, உங்கள நான் விடமாட்டேன். ஆனா அண்ணனை மன்னிக்கச் சொல்லாதீங்க. இன்னிக்கு என்னால முடியாது."

முட்டி வலித்தது. ஆனால் எழுந்திருக்க மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் கழுவுகிறவரும் அவர் மனைவியும் அவள் வீட்டுக்கு ஜெபத்துக்கு வந்தார்கள். அண்ணன் வரவில்லை. "ஜன்னலைச் சாத்திடலாமா?" என்று அந்த அம்மா தெருவை எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"திறந்தே இருக்கட்டும்க்கா."

முதல் பாட்டு முடிவதற்குள் எதிர்வீட்டில் கதவை ஓங்கி அறைந்தார்கள். அவள் இரண்டாவது பாட்டை எடுத்தாள்.