படகுக் கொட்டகையில் கேட்ட அலறல்

படம் தொடங்கி அரை மணி நேரமாகியும் அன்னேகா மடியிலிருந்த பாப்கார்னில் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. போன கோடையில் இதே ஊர் ஏரிக்கரையில்தான் இந்தப் படத்தை எடுத்தார்கள். வேற்றுக்கிரகத்துக்காரர்களைக் கண்டு சிதறி ஓடும் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. மற்றவர்கள் சும்மா ஓடினார்கள். அவளுக்கு மட்டும் வசனம் இருந்தது: "படகுக் கொட்டகையில இருக்காங்க!" அதை வைத்துக்கொண்டு ஒரு வருடமாக நான்காம் வகுப்பையே ஆட்டிப் படைத்துவிட்டாள். பொறுக்கமாட்டாமல் கெல்சி ஹூக்ஸ்ட்ரா ஒருநாள் கேட்டேவிட்டாள்: "நீ படத்துல இல்லேன்னா, திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் நின்னு, நான் புளுகினேன்னு சொல்லணும். சொல்லுவியா?" வீறாப்பாகக் கைகொடுத்தாயிற்று. அந்தக் கெல்சிதான் இப்போது நேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் அப்பாவாக நடித்தவர் ஊஞ்சல் படுக்கையில் குறட்டை விட, பிள்ளைகள் தோட்டக் குழாயும் கெட்சப் பாட்டிலுமாகப் போருக்குக் கிளம்பினார்கள். அரங்கமே கூச்சலிட்டது. அன்னேகா இருக்கை நுனிக்கு நகர்ந்தாள். இதோ புல்வெளி. இதோ எல்லாரும் ஓடுகிறார்கள். அடுத்தது அவள்தான்.

"படகுக் கொட்டகையில இருக்காங்க!" என்றான் கதாநாயகப் பையன்.

அவ்வளவுதான், காட்சி மாறிவிட்டது. அவளுடைய பின்னல் நுனிகூடத் திரையில் வரவில்லை.

கெல்சி திரும்பிப் பார்த்தாள். "எங்கடி நீ? கண்ணாடி போட்டுட்டுத் தேடணுமா?"

அம்மா லோரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை, அழுகை வந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் கேலி செய்யும் அண்ணன் டிர்க்கும்கூடத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

படகுக் கொட்டகைக்குள் வேற்றுக்கிரகத்துக்காரர்களின் பச்சைத் தலைவன் நுழைந்தான். தரையெல்லாம் கெட்சப். ஒரு கால் வழுக்கியது, மறு கால் அதைத் தேடிப் போனது, தலைவன் மல்லாந்து விழுந்து வாயைத் திறந்தான். வெளிவந்த அலறலில் அரங்கத்துக் கைக்குழந்தை ஒன்று வீறிட்டது.

டிர்க் துள்ளி எழுந்தான். "அம்மா! அது நம்ம அன்னேகா! நான் போட்ட மீனும்மா அது!"

அன்னேகாவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. படப்பிடிப்பு முடிந்த அன்று, ஒலிப்பதிவு வண்டிக்குள் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, "பயந்து கத்து பாக்கலாம், கண்ணு" என்றார். அவள் பூனைக்குட்டி மாதிரி முனகினாள். கூடவே வந்திருந்த டிர்க், தூண்டில் டப்பாவிலிருந்து துடிக்கும் குட்டி மீனை எடுத்து அவள் சட்டை முதுகுக்குள் விட்டான். பிறகு அவள் கத்திய கத்தலில் அந்த மனிதர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டார். ஒரு வாரம் அண்ணனோடு அவள் பேசவில்லை.

இப்போது திரையில் யார் அடி வாங்கினாலும் அதே குரல். குழாய்த் தண்ணீர் பட்டால் அன்னேகா. துடுப்பால் அடித்தால் அன்னேகா. பச்சைப் படை மொத்தமும் அன்னேகாதான்!

"சும்மா அளக்காதீங்க. அது எவ வேணா கத்தியிருக்கலாம்," என்றாள் கெல்சி. ஆனால் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"நிரூபிச்சுக் காட்டுடி," என்று டிர்க் காதைக் கடித்தான். "மீன் வேணுமா?"

"ஒண்ணும் வேணாம் போடா," என்று அன்னேகா எழுந்து நின்றாள்.

"அன்னேகா, உட்காரு, இது தியேட்டர்," என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே, மகள் நிற்க வசதியாகப் பாப்கார்னை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

திரையில் பச்சைத் தலைவன் தள்ளாடி எழுந்தான். பிள்ளைகள் கடைசிப் பாட்டிலைக் குறிபார்த்தார்கள். அன்னேகா இருக்கைமேல் ஏறி நின்று, ஏரியில் குதிக்கப்போகிறவளைப் போல மூச்சை இழுத்துப் பிடித்தாள். தலைவன் வாயைத் திறந்தான். அவளும் திறந்தாள். முன்வரிசையில் கெல்சியின் பாப்கார்ன் முழுவதும் மேலே பறந்து, திரை வெளிச்சத்தில் மினுமினுத்தது.