திங்கள் ஐந்து மணிவரை

என் கணவர் கிறகோரிக்கு வாகனம் நிறுத்தத் தெரியும் என்று அவரைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. லோசானில் எங்கள் வீட்டுக்கு முன்னால் பழைய ரொயோட்டாவை விடுவதற்கே ஐந்து தரம் முன்னும் பின்னும் போகிறவர். அப்படிப்பட்டவரிடம், அவர் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக் குசினியின் பெரிய சமையல்காரர் தன் கம்பிங் காரைக் கொடுத்துவிட்டார். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, வெயிலுக்கு இழுத்துவிடுகிற சீலைப் பந்தல், எல்லாம் உள்ள வண்டி. சாவி கைக்கு வந்ததிலிருந்து மனிதருக்குத் தலைகால் தெரியவில்லை.

அது 1997 ஜூலை மாதம். நாங்கள் உல்லாசப் பயணம் போகவில்லை. அம்மா இறந்துவிட்டார் என்று என் தங்கை மெற்றில்டாவிடம் சொல்வதற்காகப் போனோம்.

அம்மா மன்னாரில் கண்மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நேரம் மெற்றில்டா ஜெர்மனியில், ஸ்ருட்காட்டில், ஏழு மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளையை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். கட்டிலை விட்டு எழும்பக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கணவனும் கனடாவுக்குப் போய்விட்டான். அவளுக்குச் சொல்லவேண்டாம் என்று குடும்பமாகச் சேர்ந்து முடிவெடுத்தோம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பிறகு பிள்ளைக்கு முப்பத்தொன்று கழியட்டும், ஞானஸ்நானம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தோம். வந்தோம் என்ன, நான்தான் தள்ளிக்கொண்டு வந்தேன். ஞாயிறு தோறும் ரெலிபோனில் அம்மாவின் கடிதம் வந்ததா என்று கேட்பாள். மன்னாரிலிருந்து தபால் ஒழுங்கில்லை என்பேன். அது பாதி உண்மை. பாதி உண்மையைப் போல வசதியான பொய் வேறு கிடையாது.

இப்போது அவளுக்குக் கனடா விசா வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை விமானம். ரொறன்ரோவில் இருக்கிற பெரியண்ணை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் வந்திறங்குகிற அன்று வீட்டில் முப்பது பேர் நிற்பார்கள், யாராவது ஒருவர் துக்கம் விசாரித்துவிடுவார்கள், அதற்கு முன் மூத்தவள் நீ சொல்லவேண்டும் என்றார். கைக்குழந்தையோடு தனி அறையில் இருப்பவளுக்கு ரெலிபோனில் சொல்லாதே, முகத்தைப் பார்த்துச் சொல் என்றார்.

முகத்தைப் பார்ப்பதுதான் பெரிய பாடு. என்னிடம் இருந்தது அகதிகளுக்குத் தற்காலிகமாகக் கொடுக்கிற எஃப் அட்டை. அதை வைத்துக்கொண்டு சுவிஸை விட்டு வெளியே காலடி வைத்தால் திரும்பி வரமுடியாது. அவளுக்கு இங்கே வர விசா இல்லை. ஆனால் கிறொய்ஸ்லிங்கனில், ஏரிக்கரைக்குப் பக்கத்தில், இரண்டு நாட்டுக்கும் நடுவே ஒரு கம்பிவேலி நிற்கிறது. ஞாயிறு பதினொரு மணிக்கு வேலியடியில் நிற்கிறேன் என்றாள். அவளைக் காரில் ஏற்றிவருகிற இராஜேந்திரனுக்குப் பின்னேர வேலை. இரண்டு மணிக்கு அவர்கள் புறப்பட்டே ஆகவேண்டும்.

சனிக்கிழமை கிறகோரி வேலை முடிந்து வர நாலரையாகிவிட்டது. பாதி வழி போய் எங்காவது படுத்துவிட்டு விடியப் போவோம் என்றார். ஆர்காவ் பக்கம் நெடுஞ்சாலையோரத்தில் பெரிய தரிப்பிடம் ஒன்று வந்தது. கார்களுக்கு ஒரு பக்கம், லொறிகளுக்கு ஒரு பக்கம். கார்ப் பக்கம் சந்தை இரைச்சல். லொறிப் பக்கத்திலோ முன்வரிசை முழுவதும் வெறுமையாக, பச்சைப் புல்மேட்டைப் பார்த்தபடி கிடந்தது. பெரிய வண்டிக்குப் பெரிய இடம் என்று சொல்லி அங்கே விட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே வெட்டில் விட்டுவிட்டார். அந்தப் பெருமையைத் தாங்கமுடியாமல் உடனே சீலைப் பந்தலை இழுத்தார், மேசையை விரித்தார், நாலு நாற்காலி போட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும், டினேஸும் நதாலியும், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார்கள். லொறிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்க நிற்க இறங்கியவர்களுக்கெல்லாம், மெற்றில்டாவுக்கென்று நான் பொரித்து வைத்த றோல்ஸைக் கொண்டுபோய் நீட்டினார். அவர்களும் சிரித்துக்கொண்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பிள்ளைகளின் ஈரத் துவாய்களைப் பந்தல் கயிற்றில் காயப்போட்டது மட்டும் நான். அதை மறைக்கக்கூடாது.

காலை ஆறரைக்கு யன்னல் சீலையை விலக்கினேன். கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு லொறியை மூடிய நீலப் படங்கு. மறுபக்கம், எங்கள் பந்தலுக்கு மரியாதையாக இடம் விட்டு, இன்னொரு லொறி. பின் கண்ணாடி நிறைய மரக்கட்டை ஏற்றிய லொறி ஒன்றின் முகம். முன்னால் இரும்புத் தடுப்பும் புல்மேடும். கிறகோரி ஹோர்ன் அடித்தார். ஒருவரும் அசையவில்லை. ஐந்து தரமல்ல, ஐம்பது தரம் முன்னும் பின்னும் போனாலும் வெளியே வரமுடியாது என்பது அவருக்கே விளங்கிவிட்டது.

நீலப் படங்கு லொறிக்காரர் கதவில் கண்ணாடியைத் தொங்கவிட்டு முகம் வழித்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, அரைக்காற்சட்டை. கிறகோரிக்குப் பிரெஞ்சு மட்டும்தான் வரும். நான் சுவிஸுக்கு வந்த புதிதில் ஷாஃப்ஹவுசன் அகதி முகாமில் இரண்டு வருடம் இருந்தவள், ஜெர்மன்காரரின் டொச் பாஷை கொஞ்சம் ஓடும். அதனால் நான்தான் கேட்டேன்.

மனிதர் பொறுமையாக விளக்கினார். சனி இரவு பத்து மணியிலிருந்து திங்கள் காலை ஐந்து மணிவரை இந்த நாட்டில் லொறி ஓடக்கூடாது. ஆகவே சனிக்கிழமைகளில் முதலில் வருகிறவர் முன்வரிசைக்குப் போவார், பிறகு வருகிறவர் அவருக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நிறுத்துவார். எல்லோரும் ஒரே நேரத்தில்தானே கிளம்பப் போகிறார்கள். இடையில் போகவேண்டியவர் முன்வரிசைக்கு வரமாட்டார். ஓரத்தில், முகத்தை வாசலுக்குத் திருப்பி நிறுத்துவார், பக்கத்தில் நிற்பவர்களிடம் எத்தனை மணிக்குப் போவேன் என்று சொல்லிவைப்பார். முக்கியமாக, நாற்காலியை இறக்கமாட்டார். நாற்காலி இறக்கினால் திங்கள்வரை இருக்கிறார் என்று அர்த்தம். இதெல்லாம் எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. நீங்கள் நாற்காலி போட்டீர்கள், பந்தல் போட்டீர்கள், துணி காயப்போட்டீர்கள், சாப்பாடும் கொண்டுவந்து தந்தீர்கள். வழமை தெரிந்த குடும்பம், எங்களோடு ஞாயிறைக் கழிக்க வந்திருக்கிறது என்றல்லவா நினைத்தோம் என்றார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

மரக்கட்டை லொறிக்காரரை அவர் மனைவி இரவே காரில் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாளாம். சாவி அவருடைய சட்டைப்பையில். கதவில் எழுதியிருந்த நம்பருக்கு உணவகத்திலிருந்து அடித்துப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? பொலிஸைக் கூப்பிடுகிற யோசனை எங்களுக்கு வரவில்லை. எஃப் அட்டைக்காரர் பொலிஸைத் தேடிப் போகிற வழக்கமில்லை.

மீசைக்காரர் இன்னொன்றும் சொன்னார். உணவகத்துக்குப் பின்னால் வேலைக்காரர் வந்துபோகிற சின்னக் கேற் ஒன்று இருக்கிறது. அதால் இறங்கி நடந்தால் இருபது நிமிடத்தில் ஒரு கிராமம், அங்கே ஸ்டேஷன், மணிக்கு ஒரு ரயில். அப்போது நேரம் ஏழேகால்.

கிறகோரி பக்கத்தில் நின்று, என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஒன்றும் செய்ய ஏலாதாம் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் நான் அவரைப் பேசியது கொஞ்சநஞ்சமில்லை. கலியாணத்தன்று கோயிலுக்குப் பிந்தி வந்ததில் தொடங்கினேன். வெயில் ஏறியது. தகரப் பெட்டிக்குள் இருக்கமுடியவில்லை, வெளியே வந்தால் இரண்டு லொறிகளுக்கு நடுவில் ஒரு கீலம் ஆகாயமும் டீசல் மணமும்தான். நதாலி சித்தியை எப்போது பார்ப்போம் என்று கேட்டுக்கேட்டு அழுதாள். டினேஸ் லொறிச் சில்லுகளை எண்ணினான். சுற்றிவர லொறிக்காரர்கள் கோப்பி வைத்தார்கள், சீட்டு விளையாடினார்கள், கண்ணாடிக்குக் கண்ணாடி கயிறு கட்டிச் சட்டை காயப்போட்டார்கள். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதும் கிறகோரியைத் திட்டுவதுமாக இருந்தேன். எட்டு மணி ரயில் போனது. ஒன்பது மணி ரயில் போனது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் லொறி கோணல் என்றேன்.

பத்தரைக்குக் கிறகோரி மீசைக்காரரிடமிருந்து வந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. மீசைக்காரர் என்னைக் காட்டி, கேற்றைக் காட்டி, மணிக்கூட்டைக் காட்டி, லொறிக் கதவின் தூசியில் விரலால் ரயில் கீறிக் காட்டியிருக்கிறார். கிறகோரி என் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ரயில் இருக்காம். உமக்கு விடியவே சொன்னவராம்."

நான் மறுபடியும் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"உமக்குச் சொல்லப் பயம், அருள்."

"ஓம்," என்றேன். "காலமை அந்த லொறியைக் கண்டோடன எனக்குக் கோவம் வரேல்லை. நெஞ்சு லேசாப் போச்சு."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான உண்மை என்று எனக்குத் தெரிந்தது. வாய்விட்டு அழுதேன். என்னை அடைத்து வைத்தது மரக்கட்டை லொறியல்ல என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கவேண்டும். மூன்று மணி நேரம் ஒரு சொல் திருப்பிச் சொல்லாமல் பேச்சு வாங்கிய மனிதர்.

"அப்ப பயத்தோட போம்," என்றார். "பிள்ளையளை நான் பாக்கிறன்."

கேற்றால் இறங்கி ஓடினேன். சூரிச்சில் ஒரு மாற்றம், வைன்ஃபெல்டனில் ஒரு மாற்றம். வழி முழுக்க வசனம் கட்டினேன். அம்மா கஷ்டப்படாமல் போனவ என்று தொடங்கினேன். அது சரிவரவில்லை. மெற்றி, நீ இருந்து கேள் என்று தொடங்கினேன். வேலியடியில் எங்கே இருப்பது? பிள்ளையை முதலில் இராஜேந்திரனிடம் கொடு என்று தொடங்கினால் அதிலேயே அவளுக்கு விளங்கிவிடும். எதிரில் இருந்த சுவிஸ் கிழவி என் உதடு அசைவதைப் பார்த்து, செபம் சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, மெல்லத் தலையசைத்தாள்.

வேலியடிக்கு நான் போய்ச் சேர ஒன்று நாற்பத்தைந்து. கிட்டத்தட்ட மூன்று மணி நேரமாக அவள் அங்கேயே நின்றிருக்கிறாள். நெஞ்சில் துணியால் கட்டிய குழந்தை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன். கன்னம் உப்பியிருந்தது, சிரிப்பு மாறவில்லை. கம்பிக்குள்ளால் விரல்கள் மட்டும்தான் போகும். விரல்களைப் பிடித்துக்கொண்டோம். குழந்தையின் காலைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள், இந்தப் பக்கம் வந்த பெருவிரலைக் கொஞ்சினேன்.

ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினேன். கிறகோரி ஒரே வெட்டில் வண்டியை விட்டதைச் சொன்னேன். பந்தலைச் சொன்னேன், நாற்காலியைச் சொன்னேன், அவளுக்கென்று பொரித்த றோல்ஸை லொறிக்காரர்கள் தின்று தீர்த்ததைச் சொன்னேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தான் இன்னும் திருந்தவில்லையா என்று கேட்டுக் கண்ணீர் வரச் சிரித்தாள். குழந்தை விழித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று நடக்காததையும் சேர்த்துச் சொன்னேன். இது முடிய அதைச் சொல்வேன், இது முடிய அதைச் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

தெருவிலிருந்து இராஜேந்திரன் ஹோர்ன் அடித்தார். இரண்டு தரம்.

மெற்றில்டா அவசரமாகத் தோள்பையைத் திறந்து ஒரு பார்சலை எடுத்து, எட்டி, வேலிக்கு மேலால் இந்தப் பக்கம் போட்டாள். நான் இரண்டு கையாலும் ஏந்தினேன். பாரமே இல்லை.

"அம்மாவுக்கு. முழங்காலுக்குப் போடுற உறை, ரெண்டு சோடி. டொக்டர் எழும்பவேண்டாம் எண்ட நேரம் கட்டிலில படுத்துப் படுத்துப் பின்னினது. ஊர் வெக்கைக்கு எண்டு பருத்தி நூலிலதான் பின்னினனான். நீ அனுப்பிவிடு அக்கா."

"ஓம்," என்றேன்.

"அளவு சரியோ எண்டு அம்மாவை எழுதச் சொல்லு."

"சொல்லுறன்," என்றேன்.