மூன்றாம் வளைவின் சுவர்

அப்பாவின் வலது கைப் பெருவிரலைப் பெனிஸ்டன் போர்வைக்கடியில் பிடித்துக்கொண்டிருந்தான். "பாருளா, அப்பன் கைய விடமாட்டேங்கான்," என்று கிருபை அத்தை மூக்கைச் சிந்தினாள். அத்தைக்குக் கண் மங்கல். மகள் ஜெமிக்கு அப்படியில்லை. தம்பி அந்த விரலை அழுத்தியது அப்பாவின் போன் மேல்.

அடப்பாவி! விடிகாலையில்தான் உயிர் போயிருக்கிறது, சவப்பெட்டிகூட வந்து சேரவில்லை.

காரணம் தெரியாதா என்ன? தேசிய கிராண்ட் பிரி பைக் பந்தயத்தை எந்தத் தடத்தில் நடத்துவது என்று முடிவுசெய்ய ஐந்து பேர் குழு. இரண்டு பேர் பழைய தடத்துக்கு. இரண்டு பேர் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் போட்ட புதுத் தடத்துக்கு. முப்பது வருஷமாகத் தடங்களைச் சோதித்த அப்பா ஞானையாவின் ஓட்டுதான் பாக்கி. இன்று பதினொரு மணிக்குள் அது மெயிலில் போய்ச் சேரவேண்டும். பெனிஸ்டனோ புதுத் தடத்து வாசலில் லாட்ஜ் கட்டுகிறான்.

விரலுக்குப் போன் திறக்கவில்லை. அக்காவை அடுக்களைக்குள் இழுத்தான்.

"அக்கா, லாக் நம்பரச் சொல்லு."

"எதுக்குல?"

"போட்டோ எடுக்கணும். போஸ்டருக்கு."

"ஆல்பம் அலமாரில கெடக்கு."

"சீக்கிரம்க்கா. கால்மணி நேரந்தான் இருக்கு."

"உயிரோட இருக்கையில கெஞ்சுன. இப்ப செத்தவரு பேர்ல நீயே ஓட்டுப் போடப்போறியோ?"

அவன் வாயைத் திறக்கையில் கிருபை அத்தை உள்ளே வந்தாள். அடக்க ஆராதனையில் வாசிக்க ஜீவிய சரித்திரத்தைப் பாஸ்டர் கேட்கிறாராம். ஜெமி போனைப் பிடுங்கிக்கொண்டு, அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேண்டுமென்றே நிதானமாக எழுதினாள். ஞானையா எங்கும் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை என்றும் எழுதினாள். மணி பதினொன்றைத் தாண்டியது. அத்தை தாளோடு போனதும் போனைத் திறந்தாள்.

மெயில் போயிருந்தது. அப்பாவே நேற்று எழுதி, பதினொரு மணிக்குப் போகும்படி வைத்தது. 'புதுத் தடத்தின் மூன்றாம் வளைவில் சுவர் ஓரத்திலிருந்து முப்பது மீட்டர் தள்ளி உள்ளது. என் ஓட்டு புதுத் தடத்துக்கே.'

"எட்டு மீட்டர்தாங்கா," என்றான் பெனிஸ்டன். "நாந்தான் டேப் பிடிச்சேன். வண்டி வெலகுனா நேரா செவுத்துலதான். எனக்காவ அப்பிடி எழுதச் சொல்லி நாந்தான் கால்ல விழுந்தேன். எழுதிட்டு ராத்திரி பூரா ஒறங்கல அவரு. மெயில் போறதுக்குள்ள யாருக்கும் தெரியாம அத நிறுத்திருவம்னு பாத்தேன்."

"வாயத் தொறந்து சொன்னா என்னல?"

"அத்தை முன்னால எப்பிடிக்கா சொல்ல?"

போன் அதிர்ந்தது. குழுச் செயலாளர் கிளாட்வினுக்குச் சாவுச் செய்தி போகவில்லை போலும். 'நன்றி சார். நீங்களே அளந்துவிட்டீர்கள், இனி வேறு சோதனை எதற்கு?'

ஜெமி அவரைக் கூப்பிட்டாள்.

"ஞானையா சார்!" உற்சாகமான குரல்.

"மக பேசுதேன் அங்கிள். அப்பா காலையில தவறிட்டாரு."

அந்தப் பக்கம் ஐயோ, ஐயோ என்று அரற்றல். எப்பேர்ப்பட்ட மனுஷன், அவர் சொன்னால் சொன்னதுதானே என்று கிளாட்வின் அழுதார். அழுது ஓயட்டும் என்று காத்திருந்தாள்.

"இன்னொண்ணு சொல்லணும் அங்கிள், அந்த மூணாம் வளைவுச் செவுத்தப் பத்தி," என்றாள்.

பெனிஸ்டன் எழுந்துபோய் அடுக்களைக் கதவைச் சாத்தினான்.